பிசியோவை மாற்றலாமா? வாசகர் கேள்வி - பதில்

முழங்கால் அறுவைக்குப் பிறகு செய்ய வேண்டிய பயிற்சிகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், பயிற்சியைப் பற்றிய சந்தேகத்தைவிட, பயிற்சி கொடுப்பவரைப் பற்றிய சந்தேகம்தான் அதிகம். ‘இவரிடமே தொடரலாமா, வேறு ஆளைப் பார்க்கலாமா?’ என்று எல்லா ஊரிலிருந்தும் ஒரே கேள்வி. நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட். என்னைவிட்டு வேறு இடத்துக்குப் போனவர்களும் உண்டு, வேறு இடத்திலிருந்து என்னிடம் வந்தவர்களும் உண்டு. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டேன்.

“அம்மாவுக்கு 64 வயது. வலது முழங்கால் மாற்று அறுவை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. பிசியோ ஒருவர் தினமும் வீட்டுக்கு வருகிறார். இருபது நிமிடம் மெஷின் வைக்கிறார், பத்து நிமிடம் காலைத் தூக்கி இறக்கச் சொல்கிறார். கால் சரியாக மடங்கவில்லை. கேட்டால் ‘போகப் போகச் சரியாகிடும்’ என்கிறார். தங்கமான மனிதர். அம்மாவும் ‘தம்பி, தம்பி’ என்று உயிரையே விடுகிறார். மாற்ற மனசு வரவில்லை.” - மகள், விருதுநகர்

சரியாக மடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எழுதவில்லை. இதுவரை யாரும் அளந்து உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அதுதான்.

கோனியோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானிக்கு இரண்டு நீளக் கை வைத்தது போல இருக்கும். பெரிய விலையும் கிடையாது, சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். முழங்கால் மாற்றியவர்களுக்கு முதல் இரண்டு வாரத்திலேயே 90 டிகிரியை எட்டிப் பிடிக்கப் பார்ப்போம். மூன்று மாதத்தில் 110, 120 வந்தால் நல்லது. சமதரையில் நடக்க 65 டிகிரி பக்கம் இருந்தால் போதும். அதனால்தான் ‘அம்மா நல்லா நடக்கிறாங்களே’ என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மாடிப்படி ஏறி இறங்க 90 பக்கம் வேண்டும். தாழ்வான நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேலே வேண்டும். டவுன் பஸ் படியில் கால் வைக்கும்போதுதான் குறை தெரியவரும்.

மடக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். நீட்டுவதை மறந்துவிடுகிறீர்கள். அம்மாவைக் கட்டிலில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லி, முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறுவை செய்த காலில் மட்டும் பெரிய இடைவெளி இருந்தால் கால் முழுதாக நீளவில்லை என்று அர்த்தம். அந்தக் காலோடு நடந்தால் தாங்கித் தாங்கித்தான் நடப்பார், இடுப்பும் சேர்ந்து வலிக்கும். ராத்திரி முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கினாற்போலவே இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய் வையுங்கள்.

மடங்குவதை நீங்களே வீட்டில் கவனிக்க ஒரு வழி சொல்கிறேன். அசையாத நாற்காலி ஒன்றை எடுத்து, முன்கால் இரண்டும் தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் நிற்கும்படி போடுங்கள். அம்மா முதுகு ஒட்டி உட்காரட்டும். பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல், குதிகாலை எவ்வளவு பின்னால் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுக்கட்டும். பெருவிரல் நுனி நிற்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, டைல்ஸ் கோட்டிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று இஞ்ச் டேப்பால் அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். இழுக்கும்போது இடுப்பை முன்னால் நகர்த்திவிடுவார்கள், எல்லோரும் செய்வது அது. ஆகவே ஒரு கை அம்மாவின் தோளில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள், அதே நாற்காலி, அதே நேரம். கோடு பின்னால் போய்க்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றால் நடக்கவில்லை. டிகிரி தெரியாவிட்டாலும் போகும் திசை தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த மெஷின். வலி குறைக்க லேசான கரண்ட் கொடுக்கும் டென்ஸ், ஐ.எஃப்.டி. போன்றவை இருந்தால் இருக்கட்டும், ஆனால் அரை மணி நேரத்தில் இருபது நிமிடத்தை அதற்குக் கொடுத்தால் கால் எப்போது மடங்கப் பழகும்? எனக்கு இதில் கோபமே வருகிறது. சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மி என்றால் விஷயம் வேறு. உள்ளே உலோக மூட்டு இருக்கும் காலில் அதை வைக்கவே கூடாது. மெஷினின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால், இதய டாக்டரைக் கேட்காமல் எந்தக் கரண்ட் சிகிச்சையும் வேண்டாம்.

மாற்றுவதற்கு முன்னால் அந்தத் தம்பியிடம் பேசுங்கள். ‘இன்றைக்கு எத்தனை டிகிரி? இரண்டு வாரத்தில் எத்தனை வர வேண்டும்? நீங்கள் வராத நேரத்தில் அம்மா என்ன செய்ய வேண்டும்?’ இவ்வளவுதான் கேட்க வேண்டும். நல்ல பிசியோவுக்கு இந்தக் கேள்விகள் சந்தோஷத்தைத் தரும். வீட்டார் கூடவே நின்றால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். அவர் உடனே அளந்து, பயிற்சியை மாற்றி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் தாராளமாகத் தொடருங்கள். மறுபடியும் ‘போகப் போக’ என்றால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். அதற்கு முன்னால் அறுவை செய்த டாக்டரைப் பாருங்கள். மடங்காத காலை மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் வழி ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் செய்வார்கள். நாள் ஆக ஆக உள்ளே தழும்பு இறுகிவிடும். ஐந்து வாரம் போய்விட்டது, மீதி இருப்பதைத் தாட்சண்யத்துக்குக் கொடுக்காதீர்கள். அம்மாவுக்கு அவர் தம்பியாகவே இருக்கட்டும், வீட்டுக்கு வரட்டும், காபி குடிக்கட்டும். முழங்காலை வேறு ஒருவர் பார்க்கட்டும்.

கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் வலித்தாலோ, காய்ச்சலோ தையலில் நீர் கசிவோ இருந்தாலோ பிசியோவுக்குப் போன் செய்து நேரத்தைக் கழிக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

“எனக்கு 52 வயது, ஆசிரியை. பத்து வருடமாகச் சர்க்கரை. தோள்பட்டை இறுகி மூன்று மாதம் ஆகிறது. ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். பிசியோ ஒவ்வொரு சிட்டிங்கிலும் கையைப் பிடித்து இழுத்து மேலே தூக்குகிறார். அழுதுவிடுகிறேன். ‘வலிச்சாத்தான் சரியாகும்’ என்கிறார். அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.” - திண்டுக்கல்

மூன்று மாதத்தில் சரியாகவில்லையே என்பதற்காக மாற்ற வேண்டாம். இறுகிய தோளுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். சர்க்கரை இருப்பவர்களுக்கு இது அதிகமாக வருகிறது, விடவும் நாளாகிறது. யாரிடம் போனாலும் மாதக்கணக்கு ஆகும். ‘பத்தே சிட்டிங்கில் கையைத் தூக்க வைக்கிறேன்’ என்று யாராவது சொன்னால் அங்கே போகாதீர்கள்.

ஆனால் நீங்கள் அழும்போதும் கையை விடாமல் இழுக்கிறார் என்றால் அது மாற்றுவதற்குப் போதுமான காரணம். இந்த நோயின் முதல் கட்டத்தில் வலிதான் பிரதானம். ராத்திரி அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியாது. அந்தக் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் தோள் இன்னும் சீறும், விட்டுக்கொடுக்காது. வலியின் எல்லைக்குள் மெதுவாக அசைப்பது, ஒத்தடம், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது இதெல்லாம்தான் அப்போதைக்கு. வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சும் கட்டம் வரும்போது அழுத்தத்தைக் கூட்டலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அவர் உங்களிடம் சொன்னாரா?

எந்த வலி நல்லது, எந்த வலி கெட்டது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். நான் சொல்லும் கணக்கு இது. பயிற்சி செய்த வலி அன்று ராத்திரி தூங்க விட்டு, மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை. மறுநாளும் கூடிக்கொண்டே போனால், அல்லது நேற்று தூக்கிய அளவுக்குக்கூடக் கை இன்று வரவில்லை என்றால் அளவு மீறிவிட்டது. விருதுநகர் அம்மாவைப் போல மூட்டு மாற்றியவர்கள் கொஞ்சம் வலியைப் பொறுத்துத்தான் மடக்க வேண்டும். உங்கள் தோளுக்கு அந்த நியாயம் இப்போது பொருந்தாது.

அடுத்த முறை கையை எடுக்கும்போதே ‘நான் நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்திடணும்’ என்று சொல்லிவிடுங்கள். நிறுத்தினால் தொடரலாம். நிறுத்தாவிட்டால் அதுவே கடைசி சிட்டிங். முன்னேற்றத்தை மெஷினில் தேட வேண்டாம். ஜாக்கெட்டின் பின் கொக்கி மாட்ட முடிகிறதா, பின்னல் போட முடிகிறதா, கரும்பலகையில் எவ்வளவு உயரத்தில் எழுத முடிகிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கூடவே சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும் பார்த்துவிடுங்கள். வலி தாங்கவில்லை என்றால் எலும்பு டாக்டர் தோளில் ஸ்டீராய்டு ஊசி போடுவதைப் பற்றிப் பேசுவார். அது சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் உங்கள் சர்க்கரை டாக்டருக்குத் தெரிந்து போட்டுக்கொள்ளுங்கள்.

“அப்பாவுக்கு 70 வயது. பக்கவாதம் வந்து நான்கு மாதம். இடது கை, கால் வரவில்லை. டவுனிலிருந்து ஒரு பிசியோ வாரம் மூன்று நாள் வருகிறார். படுக்க வைத்துக் கையையும் காலையும் ஆட்டிவிட்டுப் போகிறார். எங்கள் ஊருக்கு வர வேறு ஆள் கிடையாது. ஆறு மாதம் தாண்டினால் ஒன்றும் வராது என்கிறார்களே?” - மகன், புதுக்கோட்டை அருகே ஒரு கிராமம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறு மாதம் தாண்டினால் ஒன்றும் வராது என்பது உண்மையில்லை. முதல் மூன்று, ஆறு மாதங்களில் மீட்சி வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும். மெதுவாகும் என்பதை நின்றுவிடும் என்று சொல்லி எத்தனை பேரைக் கட்டிலோடு விட்டுவிடுகிறார்கள்! அதே சமயம் வேகமாக வரும் காலம் இன்னும் உங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம்.

படுக்க வைத்து மற்றவர் ஆட்டிவிடுவதால் மூட்டு இறுகாமல் இருக்கும். அது தேவைதான். ஆனால் மூளை அதிலிருந்து கற்பது மிகக் குறைவு. அப்பா தானே முயன்று, தடுமாறி, மறுபடி முயன்றால்தான் கற்கும். நான்கு மாதத்தில் அவர் ஒருமுறையாவது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாரா என்று தெரிய வேண்டும். டாக்டர் தடை சொல்லவில்லை என்றால் இங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். உயரமான நாற்காலி. உயரம் போதாவிட்டால் ஜமுக்காளத்தை மடித்து மேலே போடுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், இடது பாதம் வலதைவிடக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் எழும்போது பாரம் இடது காலில் இறங்கும், இல்லாவிட்டால் நல்ல கால் மட்டும் வேலை செய்துவிட்டுப் போய்விடும். மூக்கு முழங்காலைத் தாண்டி முன்னால் வரும்வரை குனிந்து, எழட்டும், மெதுவாக உட்காரட்டும். பிசியோ இடது பக்கம் நிற்க வேண்டும். சுலபமாக வர ஆரம்பித்தால் ஜமுக்காளத்தில் ஒரு மடிப்பைக் குறையுங்கள். அவர் வராத நாட்களிலும் இதை நடத்த உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். வாரம் மூன்று நாள் வந்து போகும் யாராலும், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மீதி நான்கு நாளை ஈடுகட்ட முடியாது.

இன்னும் இரண்டு விஷயம், கேட்காமலே சொல்கிறேன். தூக்கி உட்கார வைக்கும்போது இடது கையைப் பிடித்து இழுக்கவோ, அக்குளில் கை கொடுத்துத் தூக்கவோ கூடாது. தசை தளர்ந்த தோள் மூட்டிலிருந்து இறங்கிவிடும், அந்த வலி வந்துவிட்டால் அப்புறம் கையை யாரும் தொட முடியாது. இடுப்பில் துண்டையோ பெல்ட்டையோ கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். பல வீடுகளில் உத்தரத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து வராத கையை மேலே தூக்க வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் கழற்றிவிடுங்கள், தோள்வலியைக் கூட்டும். கால் வரும் வேகத்தில் கை வருவதில்லை. கை வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிசியோவைக் குறை சொல்லவும் வேண்டாம்.

வேறு ஆள் கிடையாது என்கிறீர்கள். அப்படியானால் அவரையே வைத்துக்கொண்டு திட்டத்தை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை அப்பாவைப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அங்கே பிசியோதெரபி பிரிவில் காட்டி, அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கி வந்து இவரிடம் கொடுங்கள். நான் பயிற்சி பெற்ற அரசு மருத்துவமனையில் எங்கள் மூத்த பிசியோ, ராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வருபவர்களை இப்படித்தான் பார்த்தார். பயிற்சியை நோயாளிக்குச் செய்து காட்டுவார், கூட வந்தவரைச் செய்யச் சொல்லித் திருத்துவார், அப்புறம்தான் சீட்டு எழுதுவார். இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும் இல்லை, வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைக் கொடுத்துவையுங்கள்.

“எனக்கு 19 வயது. கபடி ஆடுவேன். முழங்காலில் ஏ.சி.எல். ஜவ்வு ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். ஓடினால் வலி இல்லை. ஆனாலும் பிசியோ இன்னும் நான்கு மாதம் மேட்ச் கூடாது என்கிறார். வேறு ஊரில் ஒருவர் ஆறே மாதத்தில் இறக்கிவிடுகிறாராம். அங்கே போகட்டுமா?” - ஒட்டன்சத்திரம்

வேண்டாம் தம்பி. உங்கள் பிசியோ சொல்வது சரி. வலி இல்லை என்பதால் உள்ளே வைத்த ஜவ்வு தயார் என்று ஆகாது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களுக்கு மறுபடி முழங்கால் காயம் வருவது அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ரெய்டு போய், பாதத்தை ஊன்றி, உடம்பைத் திருப்புகிற அந்த நொடியில்தான் ஜவ்வு போகும். மாதக் கணக்கு மட்டும் போதாது. அறுவை செய்த காலின் தொடை பலமும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் நல்ல காலில் 90 சதவீதமாவது வர வேண்டும்.

ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள். ஐந்தாவது மாதத்திலும் படுத்துக் காலைத் தூக்குவதும் சைக்கிளும் மட்டும்தான் நடக்கிறது என்றால், ‘தாவி இறங்குவதும் திசை மாற்றி ஓடுவதும் எப்போது தொடங்கும் சார்?’ என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் திட்டம் இருந்தால் அவரைவிட்டு நகராதீர்கள். விளையாட்டு வீரர்களைப் பார்த்துப் பழக்கம் இல்லை என்று அவரே சொன்னால், அப்படிப் பழக்கம் உள்ள ஒருவரிடம் அவரையே அனுப்பச் சொல்லுங்கள். சீக்கிரம் இறக்கிவிடுவார் என்பதற்காக ஆளை மாற்றாதீர்கள்.

“முதுகுவலிக்குப் போகிறேன். ஆண் பிசியோ. திரையை இழுத்து மூடிவிட்டு அம்மாவை வெளியே உட்காரச் சொல்கிறார். எங்கே கை வைக்கப் போகிறார் என்று சொல்வதே இல்லை. எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நான்தான் தப்பாக நினைக்கிறேனா?” - பெயர் வேண்டாம்

நீங்கள் தப்பாக நினைக்கவில்லை. இனி அங்கே போகாதீர்கள். இதற்கு இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பதெல்லாம் கிடையாது. எங்கே தொடப் போகிறோம், எதற்காக என்று சொல்லி, சரி என்று நீங்கள் சொன்ன பிறகே தொட வேண்டும். தேவையான அளவுக்கு மட்டும் துணியை விலக்கி, மற்ற இடத்தைப் போர்த்திவிட வேண்டும். உங்களோடு வந்தவர் உள்ளே இருக்கலாம், அதைத் தடுக்க எங்கள் தொழிலில் எந்தக் காரணமும் இல்லை. காரணம் சொல்லாமலே நிறுத்திக்கொள்ளலாம். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதற்கும் மேலே ஏதாவது நடந்திருந்தால் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். புதிய இடத்தில் பெண் பிசியோ வேண்டும் என்று முதல் போனிலேயே கேட்பதில் கூச்சமே வேண்டாம், பாதிப் பேர் எங்களிடம் அப்படித்தான் கேட்கிறார்கள்.

“டிஸ்க் விலகி இடது கால் கெண்டை வரை இழுத்தது. மூன்று வாரமாகப் பயிற்சி. இப்போது கால் வலி தொடையோடு நிற்கிறது. ஆனால் இடுப்பு வலி முன்பைவிடக் கூடிவிட்டது. சிகிச்சை தப்பாகப் போகிறதா? மாற்றலாமா?” - ஓட்டுநர், கரூர்

மாற்றாதீர்கள், நன்றாகத்தான் போகிறது. காலில் இறங்கிய வலி மேலே ஏறி இடுப்புக்குத் திரும்புவது நல்ல அடையாளம், இடுப்பில் கொஞ்ச நாளைக்குக் கூடினாலும்கூட. இடுப்பு வலி குறைந்து, பாதம் வரை மரத்துப்போக ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும். பயிற்சிக்கு முன்னால் வலி எதுவரை இருக்கிறது, முடித்த பிறகு எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். கீழே இறங்கும் பயிற்சியை நிறுத்தச் சொல்லுங்கள், மேலே ஏற்றும் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள். சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, அடக்க முடியாமல் போனாலோ, வண்டி சீட்டில் படும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே பிசியோவுக்கு வேலை இல்லை.

“கிளினிக்கில் பெரிய பிசியோ முதல் நாள் மட்டும்தான் பார்த்தார். அப்புறம் தினமும் ஒரு பையன் மெஷினை மாட்டிவிட்டு செல்போன் பார்க்கிறான். என்ன படித்திருக்கிறான் என்றுகூடத் தெரியாது. இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டிவிட்டேன், பாதி மிச்சம் இருக்கிறது. எப்படி விலகுவது?” - ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

ஐயா, மிச்சப் பணத்துக்காக மிச்ச சிட்டிங்கையும் கழிக்காதீர்கள். பணம் போனதோடு நாளும் போய்விடும்.

படிப்பைக் கேட்பதில் தவறில்லை. இந்தியாவில் பிசியோதெரபி இளநிலைப் பட்டமான பி.பி.டி. என்பது நாலரை வருடப் படிப்பாக இருந்து வந்திருக்கிறது, அதில் கடைசி ஆறு மாதம் மருத்துவமனைப் பயிற்சி. முதுநிலைப் பட்டமான எம்.பி.டி. அதற்கு மேல் இரண்டு வருடம். பிசியோதெரபி உள்ளிட்ட தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. உதவியாளர் மெஷின் மாட்டுவது பெரிய குற்றமில்லை. ஆனால் படித்தவர் வாரம் ஒருமுறையாவது உங்களைத் தொட்டுப் பார்த்து, அளந்து, பயிற்சியை மாற்ற வேண்டும். அது நடக்கவில்லை என்றால் நீங்கள் பணம் கொடுத்தது மெஷினுக்குத்தான்.

பெரியவரை நேரில் பார்த்து, ‘சார், இரண்டு வாரமா எனக்கு வித்தியாசம் தெரியல. மிச்ச சிட்டிங்கை நீங்களே பார்ப்பதாக இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் மிச்சப் பணத்தைக் கொடுத்திடுங்க’ என்று சொல்லுங்கள். ரசீது கையில் இருக்கட்டும். சிலர் கொடுத்துவிடுவார்கள், சிலர் பாதி கொடுப்பார்கள். சண்டை வேண்டாம், ஏனென்றால் பணத்தைவிட முக்கியமான ஒன்றை அங்கிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. முதல் நாள் அவர் எழுதிய குறிப்பு, அளவுகள், இதுவரை கொடுத்த சிகிச்சையின் விவரம். ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், எழுதித் தராவிட்டால் அவர்கள் வைத்திருக்கும் கார்டை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

புதியவரிடம் போகும்போது பழையவரைப் பற்றிய புகாரோடு தொடங்க வேண்டாம். எது செய்தால் வலி கூடியது, எது இதமாக இருந்தது, இப்போது எது முடியவில்லை என்று சொல்லுங்கள். முதல் நாள் உங்களை நடக்கவிட்டு, உட்காரவிட்டு, எழவிட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். வந்ததும் நேராகக் கட்டிலில் படுக்க வைத்து மெஷினை மாட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த முறை முன்பணம் மூன்று சிட்டிங்குக்கு மேல் கட்டாதீர்கள்.